ஆறு பேர், இரண்டு கயிறு, ஒரு கால்

சாய்ந்தமருதுக் கடற்கரையில் அடுத்தவன் வலைக்குக் கயிறு இழுத்தவன் நான். இன்று அதே கரையில் என் வலை கிடக்கிறது, என் தோணிகள் கிடக்கின்றன. கரைக்குச் சற்று உள்ளே ஐஸ் ஆலை. வயல் பக்கம் நெல் மில். வாப்பா மௌத்தானபோது எங்களுக்கு மிஞ்சியது ஒரு கிடுகுக் குடிசையும் உம்மாவின் இருமலும்தான். அதிலிருந்து எழும்பி மூன்று பெண்மக்களுக்கும் வீடு கட்டிக் கொடுத்தேன். எங்கள் பகுதியில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பது. ஆண்பிள்ளைகள் தாங்கள் முடித்த பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சுனாமி அந்த வீடுகளில் இரண்டையும் தோணிகளையும் பழைய ஐஸ் ஆலையையும் ஒரே காலையில் வழித்துக்கொண்டு போனது. எல்லாவற்றையும் திரும்பக் கட்டினேன். வலைத்துறைச் சண்டையில் என் தலையில் கத்தியால் வெட்டினவன் பிறகு என் மில்லில் வந்து மூட்டை தூக்கினான். படித்தது மூன்றாம் வகுப்பு. இதை நானே எழுதுகிறேன். இளைய மகள் நஸீறா எழுத்துப் பிழை மட்டும் பார்ப்பாள். வேறெதிலும் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

நான் கட்டியவற்றில் இன்னொன்றும் உண்டு. ஐந்து பாகமுள்ள ஒரு பழைய கம்ப்யூட்டர் விளையாட்டை, ஆறு பேரில் ஒருவரும் சாகாமல் முதலிலிருந்து கடைசிவரை கொண்டுபோகும் திட்டம். அது ஆஸ்பத்திரிக் கட்டிலில், வலது கால் அழுகிக்கொண்டிருந்தபோது போட்டது. சிரிக்கிறவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

எல்லாம் ஒரு சண்டையில் தொடங்கியது. எங்கள் வலை கரையேறும் நேரம் பக்கத்துத் துறைக்காரன் தன் தோணியைக் குறுக்கே விட்டுக் கயிற்றை அறுத்துவிட்டான். நான் துடுப்பை எடுத்தேன். அவன் தம்பி கத்தியை எடுத்தான். துடுப்பு அவன் மணிக்கட்டில் விழுந்தபோது காய்ந்த மட்டை முறிகிற சத்தம் கேட்டது. கத்தி மணலில் விழுந்தது. ஆத்திரம் அடங்காமல் அவர்களுடைய மீன் குவியலை வெறுங்காலால் உதைத்தேன். குவியலில் கெளிறு கிடந்தது. அதன் முள் பெருவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே ஏறி உள்ளே முறிந்தது. வலி பெரிதாகத் தெரியவில்லை. எனக்குச் சீனி வருத்தம் கனகாலமாக இருக்கிறது. அந்த வருத்தம் காலின் நரம்பைக் கொன்றுவிடும் என்று பிறகு டொக்டர் சொன்னார். நரம்பு செத்த காலில் ஆணி ஏறினாலும் தெரியாது. அதைத் தெரியாத நான் ‘என்ன பலமான உடம்பு’ என்று பெருமைப்பட்டுக்கொண்டு மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிவிட்டு மில்லுக்குப் போனேன்.

சில நாளில் என் பெண்சாதி கதீஜா சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு மூக்கைப் பொத்தினாள்.

“இஞ்சாருங்க, வீட்டுக்குள்ள என்ன, கருவாடு அழுகின மணம் வருது?”

“கருவாடு அழுகுமா? ஒனக்குப் புத்தி அழுகிற்று.”

அவள் குனிந்து என் சாரனைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு அவள் கத்திய கத்தலில் அயலார் எல்லாரும் ஜனாஸா என்று நினைத்து ஓடி வந்தார்கள். 

பெரிய ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த சர்ஜன் ஒரு பெண்பிள்ளை. மட்டக்களப்புப் பக்கம். என் மகளை விட வயது குறைவாக இருக்கும். கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தினார். தோலுக்குக் கீழே மொறுமொறு என்று சத்தம் வந்தது. நல்ல முறுக்கை உடைப்பது போன்ற சத்தம். அது கிருமி உண்டாக்கும் காற்றாம். சதையைத் தின்று தின்று காற்று விடும் கிருமி.

“ஐயா, மூண்டு விரல் செத்துப் போச்சு. இண்டைக்கே வெட்டிக் கழுவ வேணும். கிருமி மேல ஏறினா காலும் போகும். இரத்தத்தில கலந்தா ஆளும் போவார்.”

“டொக்டர் புள்ள, விரல எடுங்க. கால மட்டும் வெச்சிருங்க. நான் சம்மாட்டி. கால் இல்லாத சம்மாட்டிய கரையில நாய் கூட மதிக்காது.”

வெளியூர்க்காரருக்குச் சொல்ல வேண்டும்: கரைவலைக்கு முதலாளிதான் சம்மாட்டி. வலையைத் தோணியில் கொண்டுபோய் அரை வட்டமாக இறக்குவார்கள். அதன் இரண்டு கயிறும் கரைக்கு வரும். இரண்டு கூட்டம் ஆட்கள் இரண்டு கயிற்றையும் இழுத்து, இழுக்க இழுக்க ஒருவரை ஒருவர் நெருங்கி வருவார்கள். மீன் நடுவில் இருக்கும் மடிக்குள் போய் அடைபடும். சம்மாட்டி மணலில் தனியே நின்று கத்துவார். கயிற்றைத் தொடமாட்டார். அப்படித் தனியே நிற்க இரண்டு கால் வேண்டும். இதுதான் என் பயம். சாவு இரண்டாவது பயம்.

விரல்கள் போயின. அதன் பிறகு தினமும் விடிந்ததும் புண் கழுவுவார்கள். செத்த சதையை வெட்டி எடுத்து, நல்ல இரத்தம் கசிகிற சதை வரும்வரை தோண்டுவதற்கு இங்கிலீசில் ஒரு நீளமான பெயர் இருக்கிறது. எனக்கு அது கொலை. செத்த இடத்தில் வலி இல்லை. செத்ததும் உயிருள்ளதும் சந்திக்கும் எல்லையில்தான் வலி இருக்கிறது. நர்ஸ் மிஸ்ஸி இடுக்கியால் ஒட்டிய துணியை இழுப்பார். துணியோடு நான் எழும்பி வருவேன். ஒரு நாள் என் கை தானாக வீசி அற்றென்டனின் உதட்டைப் பிளந்துவிட்டது. மனிதன் இரத்தத்தைத் துப்பிவிட்டு, “சம்மாட்டி, நான் ஒங்கட வலையில இழுத்த ஆள்ர மகன்தான்,” என்றார். அன்று பின்னேரம் எனக்குப் பிளேன்டீ கொண்டுவந்து தந்தவரும் அவர்தான்.

கிருமி இரத்தத்தில் ஏறத் தொடங்கினால் காய்ச்சலோடு புத்தியும் குழம்புமாம். எனக்குக் குழம்பியது. கட்டிலைச் சுற்றி நான் அடித்தவர்கள் எல்லாரும் கத்தியோடு நின்றார்கள். சேலைன் கம்பியைப் பிடுங்கி அவர்களுக்கு வீசினேனாம். கண் விழித்தபோது என் இரண்டு கைகளையும் பண்டேஜ் துணியால் கட்டிலில் கட்டியிருந்தார்கள்.

பக்கத்துக் கட்டிலில் தம்பிலுவில் ஊர் விவசாயி ஒருவர், கனகசபை. எருமை குத்தித் தொடை கிழிந்தவர். அவர் திரும்பிப் பார்த்து, என்னை அண்ணன் முறை வைத்துச் சொன்னார்.

“காக்கா, என்ர எருமைக்கும் உங்களுக்கும் ஒரே கட்டுத்தான்.”

“கை அவிழட்டும், ஒங்கட மத்தத் தொடையையும் கிழிக்கன்.”

“அவிழட்டும் பாப்பம்.”

கைகள் கட்டப்பட்டுக் கிடந்த அந்த முற்பகலில்தான் நான் மருமகனைச் சரியாகப் பார்த்தேன்.

ஆண்கள் வாட்டில் துணைக்கு ஆண்தான் நிற்க வேண்டும். எனக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவன் அக்கரைப்பற்றில் பெண் வீட்டில், சின்னவன் கட்டாரில். ஆகவே நின்றது நஸீறாவின் மாப்பிள்ளை பர்ஹான், பள்ளியில் கம்ப்யூட்டர் படிப்பிக்கும் மாஸ்டர். நான் கட்டிய வீட்டில் இருக்கிறார். ஆனால் என் முன்னால் உட்கார்ந்ததில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதை நஸீறாவிடம் சொல்வார், அவள் என்னிடம் சொல்வாள். என் பெயரை அவர் வாயால் சொன்னதை ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்து மரியாதை அது. அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டூலில் லப்டொப்பை வைத்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அதில் சின்னச் சின்ன ஆட்கள் வாளால் வெட்டினார்கள். ஒரு பல்லுப் பிசாசின் தலை உருண்டது. சிவப்புத் தெறித்தது.

“மருமகன், ஆர அடிக்கிறாங்க?”

அவர் பதறி எழும்பி அதை மூடப் பார்த்தார். “ஒண்டுமில்ல மாமா. பழைய கேம் ஒண்டு.”

“மூடாதீங்க. கையையும் கட்டிப்போட்டாங்க, காலையும் அறுக்காங்க. கண்ணாவது ஒரு சண்டையப் பாக்கட்டும்.”

அந்த விளையாட்டின் இங்கிலீசுப் பெயர் என் வாயில் நுழையவில்லை. நான் ‘அஞ்சு கோட்டை’ என்று வைத்துக்கொண்டேன். மருமகன் நின்றுகொண்டே விளக்கினார். முதலாம் பாகத்தில் ஆறு பேரை நாமே உண்டாக்க வேண்டும். வாள்காரன், மருந்துக்காரி, பூட்டுத் திறக்கிற கள்ளன், நெருப்பு மந்திரம் போடுகிறவள் என்று ஆளுக்கொரு தொழில். ஆளுக்கொரு உயிர் அளவு, பக்கத்தில் சிவப்புக் கோடாக நிற்கும். அடி விழ விழக் கோடு குறையும். ஒரு பாகம் முடிந்தால் அதே ஆட்களை அடுத்த பாகத்துக்குக் கொண்டுபோகலாம்.

“செத்தா?”

“மத்த ஆக்கள் எண்டா பழைய இடத்திலிருந்து திரும்ப விளையாடுவாங்க மாமா. நான் அப்பிடிச் செய்யிறல்ல எண்டு நிய்யத்து வெச்சிரிக்கன். செத்தா செத்ததுதான். ஆறு பேரும் அஞ்சாம் பாகம் முடிக்க வேணும். எல்லாத்தையும் வீடியோ எடுத்து, தமிழ்ல கதைச்சு, இன்டர்நெட்டில போடப் போறன்.”

“எந்தப் பாகத்தில நிக்கிறீங்க?”

“இன்னும் தொடங்கல்ல. திட்டம் போடுறன்.”

“எவ்வளவு காலமா?”

அவர் தலையைச் சொறிந்தார். “ரெண்டு ஹஜ்ஜுப் பெருநாள் போய்ற்று.”

கனகசபை வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கட்டுத் துணி இறுகியது. இரண்டு பெருநாளுக்குள் நான் ஒரு மில்லையே எழுப்பியிருக்கிறேன்! அந்த இடத்திலேயே பொறுப்பை எடுத்தேன்.

அதற்குப் பிறகு காலைநேரச் சித்திரவதை முடிந்ததும் எங்கள் வேலை தொடங்கும். மருமகனுடைய திட்டத்தில் ஆறு பேருக்கும் இரும்புச் சட்டை. நான் கழற்றினேன், பாரம் சுமப்பவன் ஓடமாட்டான். கள்ளனைப் பின்னால் வைத்திருந்தார். முன்னுக்கு அனுப்பினேன், கள்ளனுக்குத்தான் பொறி தெரியும், பின்னால் விட்டால் நம் சாமானைத் தூக்குவான். நெருப்புக்காரிக்கு முதலாம் பாகத்தில் ஒரு கோழி கொத்தினாலும் போய்விடும் அளவு உயிர்தான். அவளை வளர்க்க வேண்டும் என்றால் மற்றவர்கள் எதிரியை அரை உயிராக்கிப் போட, கடைசி வெட்டை அவள் கையால் வெட்டச் செய்ய வேண்டும். கொன்றவளுக்குத்தான் அனுபவப் புள்ளி. பெயர்களும் நான்தான் வைத்தேன். மருந்துக்காரிக்குக் கதீஜா. ஏசிக்கொண்டே மருந்து போடுவாள் என்று. நெருப்புக்காரிக்கு ‘டொக்டர் புள்ள’. பெரிய வாள்காரனுக்குச் சம்மாட்டி.

மருமகன் எப்போது ஸ்டூலில் உட்கார்ந்தார் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் பார்த்தேன், என் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, “இல்ல மாமா, நீங்க சொல்றது பிழை,” என்று விரல் நீட்டிக்கொண்டிருந்தார்.

சண்டை மூத்தது மூன்றாம் பாகத்துக் கோட்டை வாசலில். அங்கே நாய்த் தலை உள்ள மனிதர்கள் கூட்டம் கூட்டமாகக் கோடரியோடு வருவார்கள். உலகத்தில் இதை விளையாடிய எல்லாரும் வாசலை அடைத்துத் தோளோடு தோள் நின்று வெட்டச் சொல்கிறார்கள். அப்படி நின்றால் வெல்லலாம். ஆனால் ஒருவராவது செத்துவிடுவார். மருமகனுடைய திட்டம் இரண்டு பெருநாளாக அந்த வாசலில் சிக்கித்தான் கிடந்தது.

“வாசல என்னத்துக்கு அடைக்கிறீங்க? மீன் வாறதுக்கு முன்னம் வலைய மூடுறதா?” என்றேன். “உள்ளுக்கு விடுங்க. முத்தத்தில ரெண்டு பக்கச் சுவரோடயும் ஆக்களை நிப்பாட்டுங்க. எல்லாம் உள்ளுக்கு வந்தாப்போல ரெண்டு பக்கமும் நெருங்கி வாங்க. நடுவில மடி. மடிக்குள்ள நெருப்ப ஊத்துங்க.”

மருமகன் லப்டொப்பை என் பக்கம் திருப்பினார். “மாமா, இத ஒருத்தரும் சொல்லல்ல.”

“அவங்க ஆரும் கயிறு இழுக்கல்ல.”

ஒத்திகைக்கென்று ஒரு தனிப் பிரதி வைத்திருந்தார். அதில் போட்டுப் பார்த்தோம். ஒரு கயிற்றுக்கு மூன்று பேர், மற்றதற்கு இரண்டு பேர், சம்மாட்டி பின்னால் மேட்டில் தனியாக. மருமகன், “சம்மாட்டியையும் ஒரு பக்கம் போடுவமா?” என்று கேட்டார். “எந்தச் சம்மாட்டி கயிறு புடிச்சான்? கரையில போய்க் கேளுங்க,” என்றேன்.

நாய்த்தலையர் உள்ளே வந்தார்கள். இரண்டு கயிற்றையும் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே மேட்டுக்கு ஏறினார்கள். முதல் கோடரி சம்மாட்டியின் தோளைப் பிளந்தது. அவன் இரண்டு பேரின் குடலைச் சரித்தான். மூன்றாமவனின் கோடரி அவன் தொண்டையில் இறங்கியது. அவன் விழுந்ததும் மிச்சப் பேரும் நொறுங்கினார்கள். கதீஜா கடைசியில் செத்தாள்.

“தனிய நிக்கிறவனத்தான் அதுகள் முதல்ல தேடும் மாமா,” என்றார் மருமகன்.

கனகசபை கட்டில் ஆட ஆடச் சிரித்தார். “உங்கட சம்மாட்டி கத்தவும் இல்ல, நேரே மேல போயிற்றார் காக்கா!”

அப்போது என் ஒரு கையை அவிழ்த்திருந்தார்கள். கைக்கு எட்டிய மருந்துத் தட்டை வீசினேன். சுவரில் பட்டது. மிஸ்ஸி வந்து திரும்பவும் கட்டினார்.

அடுத்த நாள் டொக்டர் புள்ள துணியை அவிழ்த்து, விரலால் மேலே மேலே அழுத்திப் பார்த்தார். கறுப்பு கணுக்காலைத் தாண்டியிருந்தது. இரத்த ஓட்டத்தைக் கேட்கும் ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். இரத்தம் ஓடினால் அந்த மெஷின் ஊ, ஊ என்று காற்றுப் போல சத்தம் போடும். முழங்காலுக்குக் கீழே கொஞ்ச தூரம் சத்தம் வந்தது. பிறகு வரவில்லை.

“ஐயா, இப்ப வெட்டினா முழங்காலுக்குக் கீழ. முழங்கால் மிஞ்சினா செயற்கைக் கால் போட்டு நல்லா நடக்கலாம். ரெண்டு நாள் போனா மேல. அதுக்கும் பிறகு எண்டா நான் சொல்லத் தேவையில்ல.”

மூத்த மகன் அக்கரைப்பற்றிலிருந்து வந்தான். “வாப்பாட கால வெட்ட உட மாட்டன். பரிகாரி ஒருவர் இரிக்கார், எலும்பு வரைக்கும் அழுகினதையே சுகமாக்கினவர். நான் வேன் புடிச்சிற்று வாறன்.” சின்னவன் கட்டாரிலிருந்து போனில் அழுதான். அவனும் வெட்ட வேண்டாம் என்றான். கதீஜா சுவரைப் பார்த்து அழுதாள். நானும் மாட்டேன் என்றுதான் சொன்னேன். மருமகன் வாசலோடு ஒதுங்கி நின்றார். இரத்தச் சொந்தம் கதைக்கும் இடத்தில் மருமகனுக்கு வாய் இல்லை.

மகன் வேனுக்குப் போனான். பெண்களைக் கன்டீனுக்கு அனுப்பினேன். காய்ச்சலில் பல் அடித்துக்கொண்டது. காலிலிருந்து நெருப்புக் கோடு ஒன்று தொடை வழியாக ஏறுவதை உணர்ந்தேன்.

“லப்டொப்பத் திறங்க.”

“மாமா, இப்பயா?”

“திறங்க எண்டன். சம்மாட்டியையும் கயிற்றில போடுங்க. மூண்டுக்கு மூண்டு.”

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திறந்தார்.

இந்த முறை நாய்த்தலையர் முற்றத்தில் வந்து நின்று மூக்கை உயர்த்தித் தனியாள் ஒருவனைத் தேடினார்கள். இல்லை. குழம்பினார்கள். இரண்டு கயிறும் நெருங்கின. ‘டொக்டர் புள்ள’ மடிக்குள் நெருப்பை ஊற்றினாள். மயிர் எரிந்து தோல் உரிந்து அவர்கள் ஒருவனை ஒருவன் கடித்தார்கள். கள்ளன் பின்னால் போய் முழங்கால் நரம்பை அறுத்தான். சம்மாட்டிக்குத்தான் அடி அதிகம். கோடரி அவன் விலாவில் நின்றது, பிடுங்கிக்கொண்டு வெட்டினான். கை தொங்கியது, மற்றக் கையால் வெட்டினான். கனகசபை தொடைத் தையலையும் மறந்து, “குத்து! உடாத! வயித்தில குத்து!” என்று கத்தினார். அடுத்த வாட்டிலிருந்தும் எட்டிப் பார்த்தார்கள். கடைசி நாய்த்தலையன் தலை இரண்டாகி விழுந்தபோது ஆறு பேரும் நின்றார்கள். சம்மாட்டியின் சிவப்புக் கோடு தலைமயிர் அளவு மிஞ்சியிருந்தது.

மருமகன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். “மாமா! ஆறு பேரும்! அல்ஹம்துலில்லாஹ், ஆறு பேரும்!”

“இவன் இந்த நூல் உயிரோட நாலாம் பாகத்துக்குப் போக ஏலுமா?”

“ஓம் மாமா. எவ்வளவு மிச்சம் எண்டு அடுத்த பாகம் கேக்கிறல்ல. உயிரோட இருந்தாப் போதும், அங்க போனதும் சுகமாக்கி எடுக்கலாம்.”

“சொச்சம் எவ்வளவு எண்டு கேக்காதா?”

“கேக்காது.”

நான் தலையைத் தூக்கிக் கறுத்த காலைப் பார்த்தேன். பிறகு சொன்னேன். “டொக்டர் புள்ளயக் கூப்பிடுங்க. முழங்காலுக்குக் கீழ எண்டு அவ சத்தியம் பண்ண வேணும்.”

கைக்கட்டை அவிழ்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது மூத்த மகன் வேன் கொண்டுவந்துவிட்டான். காகிதத்தைப் பார்த்தான். மருமகனின் சட்டைக் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அடித்தான்.

“வீடு ஒனக்குத் தந்தது காணாதா? இப்ப எங்கட வாப்பாட காலும் வேணுமா ஒனக்கு?”

மருமகன் கையைத் தூக்கவில்லை. மூக்கிலிருந்து இரத்தம் சட்டையில் விழுந்தது. என் கையில் தண்ணீர்ப் போத்தல் அகப்பட்டது. அது மகனின் காதோடு போய் உடைந்தது. “காலும் என்ட, கையெழுத்தும் என்ட! வெளிய போடா!” என்றேன். அவன் போய்விட்டான். வேனில் பரிகாரியின் எண்ணெய்ப் போத்தல் ஆடிக்கொண்டு போனதாகக் கதீஜா சொன்னாள்.

முள்ளந்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்தார்கள். ஆள் விழிப்பாகத்தான் இருக்க வேண்டும், இருதயம் முழு மயக்கத்தைத் தாங்காது என்றார்கள். வலி இல்லை. ஆனால் காது மரக்கவில்லை. கத்தி சதைக்குள் போகும்போது சத்தம் இல்லை. வாள் எலும்பில் ஏறியபோது தோணிப் பலகை அறுக்கிற அதே சத்தம். அறுக்க அறுக்க என் உடம்பு முழுவதும் மேசையில் ஆடியது. கலிமா சொன்னேன். பிறகு ‘தொம்’ என்று ஏதோ ஒரு பாத்திரத்தில் விழுந்தது. இவ்வளவு பாரமா நான் இவ்வளவு காலமும் தூக்கித் திரிந்தது என்று நினைத்தேன். டொக்டர் புள்ள சத்தியத்தைக் காப்பாற்றினார். முழங்கால் எனக்கு மிஞ்சியது.

எங்கள் மார்க்கத்தில் வெட்டிய உறுப்பைக் குப்பையில் போடுவதில்லை, மண்ணில் அடக்க வேண்டும். பிள்ளைகள் செய்ய வேண்டிய வேலை. மூத்தவனுக்குப் போன் எடுத்தார்கள், எடுக்கவில்லை. மருமகன் கபன் துணியில் ஒரு துண்டு வாங்கி வந்து, காலை அதில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் சாய்ந்தமருது மையவாடிக்குப் போனார். வழியில் துணியில் இரத்தம் ஊறி அவருடைய சாரனும் நனைந்ததாம். ஓட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “மாஸ்டர், என்ன மீன்?” என்று கேட்டானாம். “மீனில்ல, என்ட மாமா,” என்றாராம். மண்வெட்டி இரவல் வாங்கித் தனியாகவே தோண்டி அடக்கியிருக்கிறார்.

நான் கண் திறந்தபோது அவர் நகத்துக்குள் மண் இருந்தது.

“எங்க வெச்சீங்க?”

“ஒங்கட உம்மாட கால்மாட்டில, மாமா.”

போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டேன். கனகசபை மறுபக்கம் திரும்பிப் படுத்தார். மறுநாள் அவர் வீட்டிலிருந்து எருமைத் தயிர்ச் சட்டி ஒன்று வந்தது. எனக்குத் தயிர் சரிவராது என்று மிஸ்ஸி சொன்னதால் மருமகனே அதைத் தின்று முடித்தார்.

இந்த வருத்தம் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இல்லாத காலும் வலிக்கும். வெட்டிய நரம்பு, கால் இன்னும் இருக்கிறதென்றே மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்குமாம். மண்ணுக்குள் கிடக்கும் பெருவிரலில் யாரோ கெளிற்று முள்ளைக் குத்துவது போலிருக்கும், நீங்கள் வெறும் படுக்கையை அடிப்பீர்கள். பயப்பட வேண்டாம், குறையும். சீனி வருத்தம் உள்ளவர்கள் தினமும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். கரையில் மீன் குவியலை உதைக்காதீர்கள். உதைப்பதென்றால் சப்பாத்துப் போட்டுக்கொண்டு உதையுங்கள்.

வீட்டுக்கு வந்து செயற்கைக் கால் பழகும் நாளில் மருமகன் விளையாட்டை முதலாம் பாகத்திலிருந்து தொடங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஏசிக்கொண்டிருந்தேன். இரண்டாம் பாகத்தில் கள்ளன் சாகப் பார்த்தான், இழுத்து எடுத்தோம். கோட்டை வாசலில் இரண்டு கயிறு போட்டோம். ஆறு பேரும் மிஞ்சினார்கள். அந்த வீடியோவை எங்கெங்கோ உள்ள தமிழ்ப் பிள்ளைகள் பார்க்கிறார்கள், வாயைப் பிளக்கிறார்கள். ‘யார் அண்ணா இந்தத் திட்டம் போட்டது?’ என்று கீழே எழுதிக் கேட்கிறார்கள்.

மருமகன் பதில் எழுதியிருக்கிறார்: ‘எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர்.’

வீடியோவிலும் அதையேதான் சொல்கிறார். நஸீறாவிடம் காரணம் கேட்டேன். “வாப்பா, அவர் ஒங்கட பேர எப்பிடி வாயால சொல்லுவார்? மரியாதை இல்லையே,” என்கிறாள். மரியாதையாம்! என் எதிரே உட்கார்ந்து ‘பிழை’ என்று விரல் நீட்டியவர், என் காலைக் குழிக்குள் வைத்தவர், என் பெயரைச் சொன்னால் மரியாதை குறைந்துவிடுமா?

ஆகவே இதை எழுத்தில் கேட்கிறேன். ஐந்தாம் பாகம் முடிவதற்கு முன், அந்த வீடியோவில், விளையாட்டின் பெயருக்கு அடுத்தபடியாக, பெரிய எழுத்தில் என் பெயர் வர வேண்டும். என் காலை அடக்கியவர் பர்ஹான் மாஸ்டர், நான் பெற்ற ஆண்பிள்ளைகள் இல்லை. இதை ஊரறிய எழுதிவிட்டேன். இரண்டு கயிறும் உதுமாலெவ்வைச் சம்மாட்டியினுடையவை. இதை மருமகன் தன் வாயால் சொல்லட்டும்.